ஊருக்குக் கிளம்பும் முன்: சூலம், பரஸ்தானம், எலுமிச்சை, முடிச்சுக் காசு

கேள்வி இதுதான்: வெளியூர்ப் பயணம் என்றால் தாத்தா பாட்டி காலத்தில் சூலம் பார்த்தார்கள், காசு முடிந்தார்கள், பையை முன்னாலேயே வேறு வீட்டில் வைத்தார்கள். இப்போது டயருக்கு எலுமிச்சை வைப்பது மட்டும்தான் நினைவிருக்கிறது. மற்றதையெல்லாம் எப்படிச் செய்வது, எதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, எதை விடுவது?

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் இருக்கும் பயணச் சடங்குகளில் ஒவ்வொரு தடைக்கும் பக்கத்திலேயே ஒரு விலக்கு உண்டு. சூலம் என்றால் பரிகாரம், நேரம் சரியில்லை என்றால் பரஸ்தானம் (பொருள் ஒன்றை முன்னதாகவே வெளியே அனுப்பி வைப்பது), சகுனம் தடுத்தால் ஒரு வாய் தண்ணீர். கிளம்ப வேண்டியவரைத் தைரியமாகக் கிளம்ப வைக்கத்தான் இவ்வளவும். பாதி மட்டும் கைமாறிய வீடுகளில் தடை நினைவிருக்கிறது, விலக்கு மறந்துபோயிருக்கிறது. மனக்கலக்கம் வருவது அதனால்தான்.

சூலத்திலிருந்து தொடங்கலாம். நாள்காட்டித் தாளின் அடியில் 'சூலம்: கிழக்கு, பரிகாரம்: தயிர்' என்று இருக்கும். அன்று அந்தத் திசை நோக்கிப் பயணம் தொடங்கக் கூடாது என்று அர்த்தம். திங்களும் சனியும் கிழக்கு, பரிகாரம் தயிர். செவ்வாயும் புதனும் வடக்கு, பால். வெள்ளியும் ஞாயிறும் மேற்கு, வெல்லம். வியாழன் தெற்கு, தைலம். இந்த நான்கு வரியை மனப்பாடம் செய்துவிட்டால் நாள்காட்டியே வேண்டாம்.

தவறு நடப்பது திசையில். வாசல் பார்த்திருக்கும் திசை இங்கே கணக்கில்லை. தெரு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் கணக்கில்லை. இருக்கும் ஊரிலிருந்து போகும் ஊர் எந்தப் பக்கம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து கோயம்புத்தூர் ஏறக்குறைய மேற்கு. எனவே வெள்ளிக்கிழமை இரவு ரயிலுக்குச் சூலம் பொருந்தும். ஆனால் திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தாது, ஏனென்றால் வரும் திசை கிழக்கு.

இன்னொன்றும் பலருக்கு விட்டுப்போகிறது. சூலம் நாள் முழுவதும் இல்லை. சூரிய உதயத்திலிருந்து இத்தனை நாழிகை வரை என்று பஞ்சாங்கத்தில் கணக்கு இருக்கும். ஒரு நாழிகை 24 நிமிடம். 8 நாழிகை என்றால் 3 மணி 12 நிமிடம். சில நாள்காட்டிகளில் 'காலை 9.12 வரை' என்று விசித்திரமான ஒரு நேரம் அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உதயத்தை 6 மணி என்று வைத்து 8 நாழிகையைக் கூட்டியதுதான் அது. 10.48 என்றால் 12 நாழிகை. அதற்கு மேல் கிளம்பினால் பரிகாரமே தேவையில்லை. மேலே சொன்ன வெள்ளிக்கிழமை இரவு ரயிலும் இப்படித் தப்பிவிடும். அந்த நேரத்துக்குள் கிளம்பியே ஆக வேண்டியவருக்குத்தான் தயிரும் வெல்லமும். ஒரு ஸ்பூன் தயிர், அல்லது நெல்லிக்காய் அளவு வெல்லம், சாமி படத்துக்கு முன் வைத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினால் போதும். தைலத்தைச் சாப்பிடுவதில்லை. உச்சந்தலையில் ஒரு துளி நல்லெண்ணெய் வைத்துக்கொள்ளலாம், அல்லது விளக்குக்கு எண்ணெய் ஊற்றலாம்.

ராகு காலத்துக்குப் பழைய வாக்கியம் ஒன்று இருக்கிறது: 'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா?' ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு கிழமை. திங்கள் காலை 7.30-க்குத் தொடங்கும், சனி 9-க்கு, வெள்ளி 10.30-க்கு, புதன் 12-க்கு, வியாழன் 1.30-க்கு, செவ்வாய் 3-க்கு, ஞாயிறு 4.30-க்கு. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதைத்தான். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், விளையாட்டாகவே மனதில் நின்றுவிடும். இந்த நேரங்களும் 6 மணி உதயத்தை வைத்த கணக்கே. ஆகையால் ஐந்து நிமிடம் முன்பின்னாகிவிட்டது என்று யாரும் பதற வேண்டியதில்லை. சந்திராஷ்டமம் (நம் ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் இருக்கும் காலம்) பார்க்கும் வீடுகளில் அந்த இரண்டேகால் நாளைத் தவிர்ப்பார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் அது. டிக்கெட் எடுத்த பிறகு பார்த்தால் கவலைதான் மிச்சம்.

இனி பரஸ்தானம். இந்தச் சடங்குகளில் பழையதும், மிக அழகானதும், இன்று ஏறக்குறைய மறந்துபோனதும் இதுதான். பயணத்துக்கான நல்ல நேரம் ஒன்று, வண்டி கிளம்பும் நேரம் வேறு என்றால் என்ன செய்வது? நல்ல நேரத்தில் உங்கள் பொருள் ஒன்றை வீட்டு வாசல் தாண்டி வெளியே அனுப்பிவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு நீங்கள் எந்த நேரத்தில் கிளம்பினாலும், போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். போருக்குப் போகும் அரசன் நல்ல நாளில் தன் வாளையும் குடையையும் முன்னால் அனுப்பி வைப்பதை வாள்நாட்கோள், குடைநாட்கோள் என்று இலக்கணமே பேசுகிறது. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் வடதிசைப் பயணத்துக்கு முன் செய்வது இதைத்தான்: கணி (சோதிடர்) நேரம் குறித்துச் சொன்னதும் வாளும் குடையும் நகருக்கு வெளியே உள்ள புறநிலைக் கோட்டத்துக்குப் போகின்றன. அரசனுக்கு வாள், நமக்குத் துணிப்பை. வேறுபாடு அவ்வளவுதான்.

செய்முறை எளிது. நீங்கள் உடுத்தப்போகும் உடை ஒன்றைத் துண்டில் சுற்றி, அல்லது சிறிய பையில் போட்டு, மேலே ஒரு மஞ்சள் கிழங்கு வைத்து, குறித்த நேரத்தில் பக்கத்து வீட்டிலோ கோயிலிலோ கொடுத்து வைக்க வேண்டும். மறுநாள் காலைப் பயணத்துக்கு முந்தைய மாலையே வைப்பவர்கள் உண்டு. வைத்த பொருள் மறுபடி உங்கள் வீட்டு வாசலுக்குள் வரக் கூடாது. விதி இந்த ஒன்றுதான், உடைவதும் இங்கேதான். சார்ஜரை அந்தப் பைக்குள் வைத்துவிட்டோம், மாத்திரையை வைத்துவிட்டோம் என்று ராத்திரியில் போய்ப் பையை எடுத்து வந்துவிடுவார்கள். அதனால் பரஸ்தானப் பையில் ஒரு மாற்று உடைக்கு மேல் எதுவும் வைக்காதீர்கள். பாஸ்போர்ட், நகை, மருந்து, பணம் எதுவும் அதில் இருக்கவே கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர் ஃபிளாட் போதும். வெளியே நிற்கும் உங்கள் சொந்தக் காரில் வைத்தால் ஆகுமா என்று கேட்பார்கள். என் கருத்தில் அது சரியில்லை. இன்னொருவர் வீட்டு வாசலில் பொருள் காத்திருக்கும்போது, நீங்கள் கிளம்புவது இன்னொரு குடும்பத்துக்கும் தெரிகிறது. வீடு பூட்டியிருக்கப்போவதை அவர்களும் அறிவார்கள். இந்தச் சடங்கின் பாதிப் பயன் அதில்தான்.

வெள்ளிக்கிழமை பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்று சொல்லும் வீடுகளிலும் இதே வழி உதவும். வியாழன் மாலையே அவள் பையைப் பரஸ்தானம் வைத்துவிட்டால் வெள்ளி காலை ரயிலை விட வேண்டியதில்லை.

கிளம்பும் நாள். விளக்கேற்றி, பெரியவர் கையால் திருநீறோ குங்குமமோ வாங்கிக்கொண்டு கிளம்புவது பொதுவான வழக்கம். சைவ வீடுகளில் இந்த இடத்தில் கோளறு பதிகம் பாடுவார்கள். அது பொருத்தமான தேர்வு, ஏனென்றால் அந்தப் பதிகமே ஒரு பயணத்தின் வாசலில் பிறந்தது. மங்கையர்க்கரசியார் அழைப்பை ஏற்றுத் திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குக் கிளம்புகிறார். நாளும் கோளும் நன்றாக இல்லை என்று அப்பர் தடுக்கிறார். அதற்குப் பதிலாக வந்ததுதான் 'வேயுறு தோளிபங்கன்' என்று தொடங்கும் பதிகம். இரண்டாம் திருமுறையில் 85-ஆவது. முதல் பாடலே ஞாயிறு தொடங்கிப் பாம்பு இரண்டும் வரை ஒன்பது கோளையும் வரிசையாகச் சொல்லி, 'நல்லநல்ல' என்று முடிக்கிறது. பதினொரு பாடலும் பாட நேரமில்லை என்றால் முதல் பாடலும், 'ஆணை நமதே' என்று முடியும் கடைசிப் பாடலும் போதும். காரில் ஒலிபெருக்கியில் போட்டுவிடுவதைவிட, வீட்டில் ஒருவர் வாயால் இரண்டு பாட்டு பாடுவது மேல்.

கிறிஸ்தவ வீடுகளில் 121-ஆம் சங்கீதம் வாசிப்பார்கள். அதன் கடைசி வசனம் 'உன் போக்கையும் உன் வரத்தையும்' காப்பதைப் பற்றியது. முஸ்லிம் வீடுகளில் வண்டியில் ஏறியதும் 'சுப்ஹானல்லதீ ஸக்கர லனா ஹாதா' என்று ஓதுவார்கள். திருக்குர்ஆன் 43-ஆம் அத்தியாயத்தின் 13, 14-ஆம் வசனங்கள் அவை. இந்த இரண்டிலும் திரும்பி வருவது அல்லது திரும்பிச் செல்வது பற்றிய சொல் உள்ளே இருப்பதைக் கவனியுங்கள். 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்று சொல்லச் சொல்வதும் அதற்காகத்தான். வீட்டில் இருப்பவர்கள் 'போயிட்டு வாங்க' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சமையலறையிலிருந்து 'ம்ம்' என்று குரல் கொடுத்தால் கணக்கில் சேராது.

வாசல் தாண்டிய பிறகு ஏதோ மறந்துவிட்டது என்று திரும்பி வந்தால், எடுத்துக்கொண்டு அப்படியே ஓடாதீர்கள். உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். உட்காரும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் கேஸ் வால்வை மூடினோமா, கொல்லைக் கதவைப் பூட்டினோமா என்பதெல்லாம் நினைவுக்கு வரும். மூன்று பேராகக் கிளம்பினால் ஒரு சிறு கல்லை நான்காவது ஆளாகப் பையில் போட்டுக்கொள்வார்கள். ஆள் கிளம்பியதும் வீட்டைக் கூட்டிக் கழுவக் கூடாது, வீட்டுப் பெண்கள் அன்று தலைக்குக் குளிக்கக் கூடாது என்பதும் உண்டு. சாவு வீட்டில் பிணம் எடுத்ததும் செய்யும் வேலைகள் இவை. வழியனுப்பும் நாளில் அந்தச் சாயல் வேண்டாம் என்பதே காரணம்.

ஒன்றைமட்டும் அழுத்திச் சொல்கிறேன். கணவனை இழந்த பெண் எதிரே வந்தால் சகுனத் தடை என்பதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மகன் கிளம்பும் நேரத்தில் பெற்ற தாயே கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும்படி செய்த வழக்கம் அது. திருநீறு பூசி அனுப்ப அவரைவிடப் பொருத்தமான கை வேறு எது? அவர் கையாலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சகுனத்தை மீறியதும் நம் மரபில் இருப்பதுதான். நாள் நல்லதில்லாமல் போனாலும், புள் (பறவைச் சகுனம்) இடையில் தடுத்தாலும், வள்ளல் மலையமான் காரியிடம் போனவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார் என்று கபிலர் பாடியது புறநானூற்றில் 124-ஆம் பாட்டு.

வண்டிக்கு வருவோம். காருக்கு நான்கு எலுமிச்சை, இருசக்கர வண்டிக்கு இரண்டு. இது போக, பாதியாக அரிந்து குங்குமம் தடவி இரு பக்கமும் வைக்க ஒன்று. பழம் நன்றாகப் பழுத்து, தோல் மெல்லிசாக, விரலால் அழுத்தினால் குழிய வேண்டும். பச்சையாகக் கெட்டியாக இருந்தால் டயர் ஏறும்போது நசுங்காமல் பக்கவாட்டில் துள்ளிவிடும். உடனே 'பழம் நசுங்கவில்லையே' என்று வீடே கலங்கும். அது பழத்தின் குறை, பயணத்தின் குறை அல்ல. டயர் தரையைத் தொடும் இடத்தில் இடைவெளி இல்லாமல் பழத்தை ஒட்டி வைக்க வேண்டும். வண்டி முதலில் எந்தப் பக்கம் நகரப்போகிறதோ அந்தப் பக்கம் வைக்க வேண்டும். முகப்பில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திய காரைப் பின்னால்தான் எடுக்க முடியும். அதற்கு முன்பக்கம் பழம் வைத்துப் பயனில்லை. காரைத் தெருவுக்கு எடுத்து நேராக நிறுத்திவிட்டு வைப்பதே நல்லது.

பழம் வைக்கக் குனியும் அந்தக் கையைச் சும்மா எடுக்காதீர்கள். டயரின் வரிகளுக்கு நடுவே விரலை ஓட்டுங்கள். ஆணி குத்தியிருந்தால், பக்கவாட்டில் ரப்பர் உப்பியிருந்தால், காற்று இறங்கி அடி பரந்திருந்தால் தெரிவது அந்த நிலையில்தான். நான்கு டயருக்கும் ஒருவர் குனிந்து பார்க்கும் சந்தர்ப்பம் வேறு எப்போது வருகிறது?

பழம் நசுங்கியதும் சக்கையை ஒருவர் எடுத்து ஓரத்தில் போட்டுவிட வேண்டும். தேங்காய் ஓடும் பூசணித் துண்டும் அப்படியே. குங்குமம் கலந்து ஈரமாகக் கிடக்கும் பூசணிச் சதையில் ஏறினால் பைக் சறுக்கும். நம் கண்ணேறு கழிந்து அடுத்தவர் எலும்பு முறிவது என்ன நியாயம்? பூசணிக்குள் காசு போட்டு நடுச்சாலையில் உடைப்பதை அறவே விட்டுவிடுங்கள். காசு பொறுக்கப் பிள்ளைகள் சாலைக்குள் ஓடும்.

சூடத்தைத் தட்டில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். பானட்டின் மேல் நேரடியாக ஏற்றினால் பெயின்ட் கருகி, துடைத்தாலும் போகாத வட்டம் விழும். பைக்கில் பெட்ரோல் மூடிப் பக்கம் தட்டைக் கொண்டுபோகவே கூடாது, முன்விளக்குக்கு எதிரே நின்று மூன்று சுற்று போதும். முன் கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைப்பதானால் ஓட்டுநர் பார்வை படாத மேல் ஓரத்தில் வையுங்கள். மிளகாய் எலுமிச்சைச் சரம் நம்பர் பிளேட்டை மறைக்கக் கூடாது. பூஜை செய்த எலுமிச்சையை டாஷ்போர்டில் சும்மா வைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஒரு திருப்பத்தில் உருண்டு விழுந்து பிரேக் பெடலுக்கு அடியில் போனால் பெடல் முழுதாக இறங்காது. பையிலோ மூடியுள்ள பெட்டியிலோ போட்டு வையுங்கள்.

வழியில் காவல் தெய்வத்துக்கு நிறுத்திச் செல்வதும் குடும்பம் குடும்பமாக வருவது. சென்னைப் பல்லவன் சாலையில் உள்ள பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குப் புது வண்டியோடு வருபவர்கள் ஏராளம். ஊர் எல்லையில் ஐயனார் இருந்தால் அங்கே ஒரு சூடம். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியிலிருந்து காசு வீசுவதை விட்டுவிட்டு, இறங்கி உண்டியலில் போடுங்கள்.

ரயிலில் எதையும் ஏற்றக் கூடாது, சூடமாக இருந்தாலும் விளக்காக இருந்தாலும். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் கேஸ் சிலிண்டரால் பற்றிய தீயில் 9 பேர் இறந்தார்கள். விமானத்துக்குச் சூடமும் தீப்பெட்டியும் பையில் போகக் கூடாது, தீப்பற்றும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர் பையில் பாட்டி வைத்த எலுமிச்சை இருந்தால் இறங்கியதும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அபராதம். அங்கே போகிறவருக்கு எலுமிச்சையை வீட்டு வாசலோடு முடித்துவிடுவது நல்லது.

கடைசியாக முடிச்சுக் காசு. குலதெய்வத்துக்கோ திருப்பதிக்கோ 'நல்லபடியாகப் போய் வந்தால் காணிக்கை' என்று வேண்டி முடிந்து வைப்பது. ஒரு சாண் சதுரத்துக்கு வெள்ளைப் பருத்தித் துணி எடுத்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்து, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். அவசரத்தில் ஈரத்தோடு முடிந்தால் துணி பூஞ்சை பிடிக்கும், செப்புக் காசாக இருந்தால் பச்சை பூக்கும். உலர்ந்த துணியில் ஒரு ரூபாயோ பதினொரு ரூபாயோ வைத்து, பயணம் போகிறவர் கையில் கொடுத்து, அவர் வேண்டிக்கொண்டதும் வீட்டில் இருப்பவர் மூன்று முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு வீட்டிலேயே பூஜை அலமாரியில் இருக்கும். உருது பேசும் முஸ்லிம் குடும்பங்களில் இதற்கு உறவான வழக்கம் ஒன்று உண்டு, இமாம் ஸாமின் என்பார்கள். காசைத் துணியில் வைத்துப் பயணியின் மேற்கையில் கட்டி, போய்ச் சேர்ந்ததும் ஏழைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பல வீட்டு அலமாரிகளில் ஏழெட்டு முடிச்சுகள் கிடக்கும். எது யாருக்கு, எந்த ஊர்ப் பயணத்துக்கு, எந்தக் கோயிலுக்கு என்று யாருக்கும் தெரியாது. முடியும்போதே ஒரு துண்டுத் தாளில் பெயர், தேதி, கோயில் மூன்றையும் பென்சிலால் எழுதிக் காசோடு உள்ளே வைத்துவிடுங்கள். பேனா மை மஞ்சளில் ஊறிப்போகும். இந்தச் சீட்டு எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

நெடுநாள் கழித்துத் திரும்புபவருக்கு வாசலிலேயே ஆரத்தி. தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர், அரை ஸ்பூன் மஞ்சள்தூள், சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பு. விரலால் கலக்கினால் குங்குமச் சிவப்பு வர வேண்டும். சுண்ணாம்பின் காரம் பட்டு மஞ்சள் நிறம் மாறுவதுதான் அது. சிவக்கவில்லை என்றால் சுண்ணாம்பு காய்ந்து பழசாகியிருக்கும், புதிதாக ஒரு டப்பா வாங்குங்கள். வலமாக மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, மிச்சத்தை வாசல் ஓரத்தில் ஊற்றுங்கள், படியில் ஊற்றினால் வழுக்கும். கால் கழுவி, தண்ணீர் குடித்து, அவர் உட்கார்ந்த பிறகு முடிச்சை எடுத்து அவர் கையில் கொடுங்கள். முடிச்சு அவிழ்வது அந்தக் கோயில் உண்டியலுக்கு முன்னால்தான். அவரால் உடனே போக முடியாது என்றால், அந்தப் பக்கம் அடுத்துக் கிளம்புகிறவர் பையில், சீட்டோடு அப்படியே, அது ஏற வேண்டும்.